மழைக்காலத்துல வாசல் கதவு இறுகுதா? வீட்டுல இருக்கிற பியானோவையும் கொஞ்சம் பாருங்க!

ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் பெய்தால் லாஸ்பேட்டை வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நேத்து வரைக்கும் ஒழுங்காகச் சாத்திக்கொண்டிருந்த வாசல் கதவு, இன்னிக்கு நிலையில் இடித்துக்கொண்டு நிற்கும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால்தான் மூடும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டது, அவ்வளவுதான். தை பிறந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நாமும் விட்டுவிடுவோம்.

அதே ஹாலில், அந்தக் கதவுக்குப் பத்தடி தள்ளி ஒரு பியானோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மரம்தான். ஆனால், உள்ளே மரம், கம்பளி, தோல், இரும்பு, செம்பு என ஆயிரக்கணக்கான பாகங்கள், மில்லிமீட்டர் கணக்கு இடைவெளியில் ஒன்றோடொன்று சிக்காமல் நகர வேண்டும். கதவு இறுகினால் தோளால் தள்ளலாம். பியானோ இறுகினால் என்ன செய்வீர்கள்?

எங்க அத்தை என்ன செய்தார் என்று சொல்கிறேன். லாஸ்பேட்டையில் அத்தை வீட்டு ஹாலில் ஒரு பழைய அப்ரைட் பியானோ உண்டு. பிரான்ஸுக்குக் குடிபோன ஒரு சொல்தா குடும்பத்திடமிருந்து மாமா வாங்கியது. அத்தை மகள் அதில்தான் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி அவளும் வெளிநாடு போனதும், அத்தை அதைப் 'பத்திரமாக' வைத்தார். மூடியைப் பூட்டி, மேலே ரெக்சின் உறை போட்டு, உள்ளே ஒரு கைப்பிடி அந்துருண்டையைத் தூவி, அதற்கு மேல் போட்டோ ஃபிரேம்களை அடுக்கி. அஞ்சு வருஷம் யாரும் தொடவில்லை. பேத்தி லீவுக்கு வந்தபோது ஆசையாகத் திறந்தால், பாதிக் கட்டைகள் அழுத்தினால் அழுந்தின, ஆனா மேலே வரவே இல்லை. சென்னையிலிருந்து வந்த ட்யூனர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது வாசிச்சுக் கெட்டது இல்ல. மூடி வெச்சுக் கெட்டது."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

உள்ளே என்னதான் நடக்குது?

ஒரு பியானோவில் 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கறுப்பு. அவற்றுக்குச் சுமார் 230 கம்பிகள், ஏன்னா பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும். அத்தனை கம்பிகளும் இழுக்கும் இழுப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 18 டன். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற நம்ம லட்சுமி மாதிரி நாலைந்து யானைகள் சேர்ந்த கனம். அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். அதனால்தான் பியானோ அவ்வளவு கனம்.

கம்பிகளுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மெல்லிய ஒலிப்பலகை இருக்கும். பியானோவின் குரல் அதுதான். இந்தப் பலகை தட்டையாக இருக்காது. லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பி, வளைவு கூடி, கம்பிகளை இன்னும் இழுக்கும். சுருதி ஏறும். காய்ந்தால் பலகை சுருங்கி, சுருதி இறங்கும். வருஷா வருஷம் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, ஒருநாள் பலகையில் கீறல் விழும்.

கம்பிகளின் ஒரு முனை சுற்றியிருக்கும் பின்களுக்கும் இதே கதை. வீணைக்குப் பிரடை மாதிரி, பியானோவுக்கு இந்த ட்யூனிங் பின்கள். ஒரு கனமான மரக்கட்டையில் துளையிட்டு, இறுக்கமாக அடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கட்டை ஈரத்திலும் காய்ச்சலிலும் மாறி மாறி அடிபட்டால் துளை தளர்ந்துவிடும். அப்புறம் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் ரெண்டு நாளில் இறங்கிவிடும். சின்ன ரிப்பேர் எல்லாம் தாண்டி, பெரிய செலவு தொடங்குவது இங்கேதான்.

பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் சுமார் 45 முதல் 60 சதவிகிதம். புதுச்சேரியில் 75-ஐத் தாண்டுவது சாதாரண விஷயம். போதாததற்கு, கடல் சில கிலோமீட்டர் தூரத்தில். உப்புக் காற்று கம்பியில் துருவாக உட்காரும். துருப்பிடித்த கம்பி முதலில் மந்தமாக ஒலிக்கும், பிறகு ட்யூன் செய்யும்போது பட்டென்று அறுந்துபோகும்.

இந்தக் கவலை நமக்குத்தான் புதுசு என்று நினைக்காதீர்கள். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடை, 1842-ல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கியது. அந்த நூற்றாண்டில் நம் பக்கத்துக்குக் கப்பல் ஏற்றிய பியானோக்களை ஐரோப்பிய கம்பெனிகள் வெப்ப நாட்டுக்கென்று தனியாகவே செய்தன. பசையை மட்டும் நம்பாமல் திருகாணி போட்டு, முக்கியமான மூட்டுகளில் பித்தளை வைத்து முறுக்கி அனுப்பினார்கள். இன்றைக்கு நீங்கள் ஆன்லைனில் பார்த்து வாங்கும் செகண்ட் ஹேண்ட் பியானோ, குளிர்நாட்டு வீட்டில் ஹீட்டர் பக்கத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்ததாக இருக்கலாம். அதற்கு நம்ம ஊர் ஐப்பசி தெரியாது.

முதலில் ஒரு மீட்டர் வாங்குங்க

பியானோவுக்காக நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் பாலிஷ் இல்லை, ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர். சில நூறு ரூபாய்தான். பியானோ மேலேயே வைத்துவிட்டு ஒரு மாதம் சும்மா பாருங்கள். காலையில் எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு, மழை நாளில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் எங்கே வைக்கலாம் என்ற பேச்சே.

வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். குறிப்பாக மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரும், பாத்ரூம் சுவரும் கூடவே கூடாது. பெயின்ட் உரிந்து சுவர் ஓதம் காத்திருக்கும் இடத்தில் பியானோவின் முதுகைக் கொண்டுபோய் ஒட்டினால், ஒலிப்பலகையை ஈரத்துணியில் சுற்றுவதும் அதுவும் ஒன்றுதான். உள்சுவராகப் பார்த்து, நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. சமையலறைத் தாளிப்பு ஆவி வரும் வழியிலும் வேண்டாம்.

ஏசி விஷயத்தில் பலரும் ஏமாறுகிறோம். "பியானோ ஏசி ரூம்லதான் இருக்கு" என்று பெருமையாகச் சொல்வோம். ராத்திரி எட்டு மணி நேரம் ஏசியில் காய்ந்து, பகல் முழுக்க ஜன்னல் திறந்து நனைந்தால், ஏசி இல்லாத அறையைவிட அது மோசம். பியானோவுக்கு 65 சதவிகிதம்கூடப் பரவாயில்லை, தினமும் 50-க்கும் 80-க்கும் ஊஞ்சல் ஆடுவதுதான் ஆகாது. இன்னொன்று, ஸ்பிளிட் ஏசிக்கு நேர்கீழே பியானோவை வைக்கவே வைக்காதீர்கள். டிரெயின் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஒழுகுவது எந்த வீட்டில்தான் நடக்கவில்லை?

பழைய வீடுகளில் ஒரு வித்தை உண்டு. அப்ரைட் பியானோவின் கீழ் அறைக்குள் ஒரு 15 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிடுவார்கள். பல்பின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகி, அதன் ஈரப்பதம் இறங்கும். ஐடியா சரிதான். ஆனால், சூடான பல்பு, பக்கத்தில் கம்பளி, காய்ந்த மரம், தூசி. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தை நினைத்தால் எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை. அதோடு, இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் எல்இடி. அது வெளிச்சம் தருமே தவிர, சூடு தராது, மாட்டிப் புண்ணியமில்லை. பல்புக்குப் பதிலாக, பியானோவுக்கென்றே செய்த ஹீட்டர் ராட் கிடைக்கிறது. குறைந்த சூட்டில் இயங்கும்; ஈரப்பதம் இறங்கியதும் தானே அணைந்துபோகும் கன்ட்ரோலோடு சேர்த்து வாங்கி, தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள். (தண்ணி காய வைக்கிற ராட் இல்லை. ஒருவர் நிஜமாகவே கேட்டார், அதனால் சொல்கிறேன்.) முடிந்தால் மழை மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்கே ஒரு டீஹியூமிடிஃபையர் ஓடவிடுவது இன்னும் நல்லது. ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பாக்கெட்டுகளைச் சேர்த்து உள்ளே போடுவது மனசமாதானத்துக்கு மட்டுமே. அவ்வளவு பெரிய பெட்டிக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

உறை போடுவதாக இருந்தால் பருத்தித் துணி. ரெக்சினும் பிளாஸ்டிக்கும் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. அத்தை வீட்டில் இப்போது மாமாவின் பழைய எட்டு முழ வேட்டிதான் பியானோவுக்குப் போர்வை.

அந்துப்பூச்சி, கரையான், அப்புறம் நம்ம கை

கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் தலை, அழுத்தமான கம்பளி. கட்டைகளுக்கு அடியிலும் கம்பளி வளையங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இருட்டு, ஆடாத அசையாத இடம், நிறைய சாப்பாடு. அத்தை பியானோவில் பத்துப் பதினைந்து சுத்தியல்கள் எலி கடித்த பூரி மாதிரி இருந்தன. இத்தனைக்கும் அந்துருண்டை போட்டிருந்தார். ஆனால், அது சில மாதங்களில் கரைந்து காணாமல் போயிருந்தது. வார்னிஷில் பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டுகளை மட்டும் விட்டுவிட்டு. போடுவதென்றால் துணிப்பையில் கட்டி, மரத்தில் படாமல் தொங்கவிட்டு, தீர்ந்ததும் மாற்றுங்கள்.

மாதம் ஒருமுறை மேல் மூடியைத் திறந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பளித் தூள், சின்னச் சின்னக் கூடு, பல்லி முட்டை, எலிப்புழுக்கை என எது இருந்தாலும் தெரியும். அப்ரைட்டில் முழங்காலுக்கு நேராக இருக்கும் கீழ்ப்பலகையும் பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தினால் கையோடு வந்துவிடும். கரையான் வருகிறதா என்பதைப் பியானோவில் தேடாதீர்கள். பின்சுவரிலும் தரையோரத்திலும் மண்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் பியானோவை நகர்த்திவிட்டுச் சுவருக்கு மருந்து அடியுங்கள். பியானோவுக்குள் ஸ்பிரே அடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

உள்ளே அடிக்கக் கூடாதது பூச்சி மருந்து மட்டுமில்லை. கட்டை இறுகிவிட்டதென்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டை இறுகியதற்குக் காரணம் கம்பளி வளையம் ஈரத்தில் உப்பியது. அதில் எண்ணெய் ஊறினால் இன்னும் உப்பும், தூசியைப் பிடித்து வைக்கும், மாற்றுவதைத் தவிர வழியில்லை. எண்ணெய் ட்யூனிங் பின் பக்கம் போய்விட்டால் கதையே முடிந்தது.

கட்டைகளைத் துடைக்க, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மென்மையான துணி போதும். உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. சானிட்டைஸர் ஈரம் காயாத கையோடு உட்காராதீர்கள். ஆல்கஹால் பட்டால் பிளாஸ்டிக் கட்டைகளில் நுண்ணிய விரிசல் விழும். ரொம்பப் பழைய பியானோவில் வெள்ளைக் கட்டையின் மேல்தகடு ரெண்டு துண்டாக, நடுவே மயிரிழைக் கோடோடு இருந்தால் அது யானைத் தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். தந்தம் இருட்டில் மஞ்சளாகும், அதனால் அவ்வப்போது மூடியைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். ஆனால், அந்த மாதிரி பியானோவை வாங்கவோ விற்கவோ நினைத்தால் உஷார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வியாபாரம் நம் நாட்டில் குற்றம். வக்கீலிடம் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பியானோ மேல் பூச்சாடி வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம், கொலு பொம்மை வேண்டாம். போட்டோ ஃபிரேம்கூட சில சுரங்களுக்கு 'கிர்ர்' என்று அதிரும். ஆயுத பூஜை பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பைக், லேப்டாப், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது பியானோவை மட்டும் விட மனசு வராது, சரிதான். ஆனால், ஈரச் சந்தனத்தைப் பளபளப்பான பரப்பில் வைத்தால் காய்ந்து கறையாகும். குங்குமம் கட்டைகளுக்கு இடையே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. ஸ்டூலுக்கு வைங்க; சாமி கோச்சுக்காது.

அப்புறம், வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும். அத்தைக்கு ஒரு சுரமும் தெரியாது. இப்போது சாயங்காலம் விளக்கேற்றியதும் இடதுகோடியிலிருந்து வலதுகோடி வரை 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு எழுகிறார். ரெண்டு நிமிஷம். எந்தக் கட்டை மந்தமாகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. ஆட்டம் நடக்கும் இடத்தில் அந்துப்பூச்சியும் குடியேறத் தயங்கும்.

புயல் வரும் ஊரில் பியானோ

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தது பலருக்கும் மறந்திருக்காது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாளில் 200 கிலோவுக்கு மேல் இருக்கும் பியானோவை மாடிக்கு ஏற்றுவேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். உங்கள் வீடு தண்ணீர் நிற்கும் இடம் என்றால், முன்கூட்டியே கனமான மரக்கட்டைகளின் மேல், சக்கரம் உருளாதபடி குழிவுள்ள தாங்கிகளை வைத்து நிரந்தரமாக உயர்த்தி நிறுத்துங்கள். செங்கல் அடுக்க வேண்டாம். அப்ரைட் பியானோவின் கனம் முழுக்க முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, சரிந்தால் பின்னால் சாயும், ஆளையும் சேர்த்து. கூரை ஒழுகும் பயம் இருந்தால் மழை நேரத்துக்கு மட்டும் தார்ப்பாய் போடுங்கள். மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டதா? வாசித்துப் பார்க்காதீர்கள். வெயிலில் தள்ளாதீர்கள், ஹேர் டிரையர் அடிக்காதீர்கள். வேகமாகக் காய்ந்தால் மரம் முறுக்கிக்கொள்ளும், பசைவிட்ட மூட்டுகள் பிரியும். உள்ளே ஹீட்டர் ராட் இருந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே கிட்டே போங்கள். கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு, ஃபேன் காற்று சுற்றி வரும்படி வைத்து டெக்னீஷியனுக்குப் போன் செய்யுங்கள். பெடல் வரைக்கும் நனைந்ததென்றால் பெரும்பாலும் பிழைக்கும். ஒலிப்பலகை மூழ்கியிருந்தால் ரிப்பேர் செலவு பியானோ விலையைத் தாண்டிவிடும். வீட்டுப் பொருள்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், மேல் மூடியைத் திறந்ததும் இரும்புச் சட்டத்தில் தெரியும் சீரியல் நம்பரை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

வீடு மாறும்போதும் இதே ஜாக்கிரதைதான். நாலு பேரும் ஒரு குட்டி யானையும் இருந்தால் போதும் என்பார்கள். நாலு பேர் சரி, ஆனால் பியானோ தூக்கிப் பழகிய நாலு பேர். பியானோவின் சின்னச் சக்கரங்கள் ஹாலுக்குள் ரெண்டடி நகர்த்தத்தான், வாசற்படி தாண்ட இல்லை. வண்டியில் நிற்கவைத்தே, முதுகுப் பக்கத்தை வண்டிச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும்; படுக்கப்போடக் கூடாது.

"நம்மகிட்ட இருக்கிறது டிஜிட்டல் பியானோதானே" என்பவர்களுக்கு: ஒலிப்பலகை, அந்துப்பூச்சி கவலை இல்லை. உப்புக்காற்று கவலை உண்டு. கட்டைகளுக்கு அடியில் இருக்கும் மின் இணைப்புகளில் ஈரமும் தூசியும் படிந்தால் சில கட்டைகள் ஊமையாகும், சில கட்டைகள் லேசாகத் தொட்டாலே கத்தும். எறும்பு புகுந்து குடும்பம் நடத்துவதும் சகஜம். துணி போட்டு மூடுங்கள், கம்பெனி அடாப்டரையே பயன்படுத்துங்கள், இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ட்யூனிங். வருஷத்துக்கு ரெண்டு முறை நல்லது, ஒருமுறையாவது கட்டாயம். மழைக்கு நடுவில் கூப்பிடாதீர்கள். ஈரத்தில் ஏறிய சுருதிக்கு ஏற்ப ட்யூன் செய்தால் தை மாதத்தில் மொத்தமாக இறங்கிவிடும். பொங்கல் முடிந்து, வாசல் கதவு பழையபடி லேசாகச் சாத்திக்கொள்ளும்போது கூப்பிடுவதுதான் சரியான நேரம். வீடு மாற்றிய பியானோ என்றால் புது அறைக்குப் பழக ரெண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு. உள்ளூரில் ஆள் கிடைக்காமல் சென்னையிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பஸ் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள பியானோ வைத்திருக்கும் இன்னொரு வீட்டையும் பேசிவையுங்கள். அத்தை பியானோவுக்கு ரெண்டு நாள் வேலை ஆனது. சுத்தியல்கள் மாற்றி, பதினோரு கம்பிகள் மாற்றி, இப்போது வாசிக்கும்படி இருக்கிறது. வலதுகோடியில் ஏழெட்டுக் கட்டைகள் மட்டும் சுருதியில் நிற்பதில்லை. அங்கே பின்களைப் பிடித்திருக்கும் மரம் தளர்ந்துவிட்டதாம். பேத்திக்கு அதுவரை கை எட்டாது என்பதால், இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறார்கள்.